வெள்ளை ஜென்னுக்குப் புது ஸ்பீக்கர்

ஓசூர்
4.12.2006

அன்பு மகள் பூங்கொடிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்த ஆக்லாந்து ஊரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் சுகம் என்று ஒரு வரி எழுதிவிட்டு வழக்கம்போல மேலே போயிருப்பேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. பயந்துவிடாதே, பெரிய வியாதி ஒன்றும் இல்லை, சர்க்கரை அளவோடுதான் இருக்கிறது, மார்கழி பிறக்கும் முன்பே பனி கொட்டுவதால் முட்டி மட்டும் காலையில் கொஞ்சம் மக்கர் செய்கிறது. அம்மா வைப்பது தினமும் பிதுக்கம்பருப்புக் குழம்புதான், பக்கத்து வீட்டு சரோஜம்மாள் அவர்கள் தோட்டத்து அவரைக்காயை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார், உரித்து உரித்து எனக்கு நகம் கறுத்துவிட்டது. சொல்ல வந்தது வேறு. அதைச் சொல்ல வெட்கமாக இருப்பதால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், ஆனால் ஒன்றை மட்டும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். கண்ணு, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு துளியும் இல்லை.

தீபாவளிக்கு நீ தபாலில் அனுப்பிய சி.டி. பத்திரமாக வந்து சேர்ந்தது. உறைமேல் ‘அப்பாவுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தாயே, அதை அம்மாவிடம் காட்டிக் காட்டி நான் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சம் இல்லை. என் மகள் எனக்கென்று தனியாக அனுப்பியிருக்கிறாள், நீ தள்ளிப் போ என்று விரட்டினேன். வீட்டில் இருப்பது கேசட் போடுகிற பெட்டிதான், சி.டி. போட வேண்டுமென்றால் நம் வெள்ளை ஜென் காரில்தான் போட வேண்டும், என்னோடு வேலை பார்த்த வெங்கடப்பன் மைசூருக்கு மாற்றலாகிப் போகும்போது எனக்கு விற்றுவிட்டுப் போன வண்டி, அவரே பிளேயர் எல்லாம் வைத்திருந்தார். அன்றைக்கே தனியாக ஏரிக்கரைப் பக்கம் ஓட்டிக்கொண்டுபோய், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போட்டேன். உன் குரல் வந்தது. உன் குரல்தான் என்று தெரிந்தது, நீ என்ன சொல்கிறாய் என்று தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்து அறையில் யாரோ பேசுவது மாதிரி இருந்தது. இரண்டு தடவை, மூன்று தடவை போட்டேன். நடுவில் நீ அழுத மாதிரியும் இருந்தது, சிரித்த மாதிரியும் இருந்தது.

இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் என்ன நினைப்பான் சொல். ஷீட்டில் கோணல் வந்தால் முதலில் மெஷினைப் பார்ப்போம், அது சரியாக இருந்தால்தான் ஆளைப் பார்ப்போம், அது எங்கள் பழக்கம். ஸ்பீக்கர்தான் பழசு என்று முடிவு கட்டிவிட்டேன். தளி ரோட்டில் இலியாஸ் என்று ஒருவர் கார்களுக்குப் பாட்டுப் பெட்டி வைக்கிற கடை போட்டிருக்கிறார், நல்ல மனுஷன், அவரிடம் போய்க் கதவைத் திறந்து பார்க்கச் சொன்னேன். உள்பக்க அட்டையைக் கழற்றினால் ஸ்பீக்கரின் காகிதம் ஓரமெல்லாம் இற்றுப்போயிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம், பார்த்தீர்களா நான் சொன்னேன் இல்லையா என்று அவரிடம் பெருமை பேசினேன். இரண்டு முன்கதவுக்கும் புது ஸ்பீக்கர், கண்ணாடிகளுக்குப் பக்கத்து மூலையில் மெல்லிய சத்தத்துக்கென்று பக்கத்துக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர், எல்லாம் வாங்கினோம். கதவுத் தகடு அதிர்ந்தால் சத்தம் கெடும், அதற்கு உள்ளே தார் ஷீட் மாதிரி ஒன்றை ஒட்ட வேண்டும் என்றார். தகட்டைப் பற்றி எனக்கே பாடமா என்று நான் கதவைத் தட்டித் தட்டி எந்த இடம் ஓட்டையாகச் சத்தம் போடுகிறது என்று சாக்பீஸில் கோடு போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கர் உட்காருவதற்கு மர வளையத்தை நானே வீட்டில் பிளைவுட்டில் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனேன். நூல் பிசகவில்லை, இலியாஸே அசந்துவிட்டார்.

எல்லாம் மாட்டிவிட்டு அவர் ஒரு பாட்டு போட்டார், மேளச் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் உன் சி.டி.யைக் கொடுத்தேன். மறுபடியும் அதே பக்கத்து அறைதான். கூட்டுங்க என்றேன், கூட்டினார். இன்னும் என்றேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், இலியாஸ் காதைப் பொத்திக்கொண்டார், நான் இன்னும் கூட்டச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவர் சட்டென்று நிறுத்திவிட்டார். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்த தடவை வீட்டு அம்மாவையும் உட்காரவைத்து ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். நீ எனக்கென்று பேசியதை அவர் கேட்டுவிட்டார் என்பதும், அதை வெளியில் விடாத மனுஷன் என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இதற்கு நடுவில் நான் செய்த பெரிய தப்பை எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அம்மாவிடம், அப்பா சி.டி. கேட்டாரா என்று கேட்டிருக்கிறாய். அம்மா என்னைக் கேட்டாள். கேட்டேன், நன்றாக இருந்தது என்று சொல்லச் சொல்லிவிட்டேன். இன்னும் பிடிபடவில்லை என்று சொல்ல ரோஷம் விடவில்லை. ஸ்பீக்கர் சரியானதும் கேட்டுக்கொள்ளலாம், இப்போதைக்குச் சமாளிப்போம் என்று நினைத்தேன். நன்றாக இருந்தது என்று சொன்னேனே, நீ பேசியதற்கு அந்தப் பதில் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை கண்ணு.

போன ஞாயிறு அம்மாவை ஏற்றிக்கொண்டு தொரப்பள்ளி பக்கம் போனேன். என் வேலைப்பாட்டைக் காட்டத்தான். போகிற வழியில் உன் சி.டி.யைப் போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன், சத்தம் எப்படி, சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாள். பாப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டினேன். பூங்கொடி என்ன சொன்னாள், எதற்கு அழுகிறாய் என்று உலுக்கினேன். அம்மா என்னை அப்படியே பார்த்தாள்.

“ஏங்க, உங்களுக்கு நெசமாவே கேக்கலீங்களா?”

நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் அவள் என்ன செய்தாள் தெரியுமா. என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, சி.டி.யை ஒரு வரி ஓடவிட்டு நிறுத்தி, அந்த வரியை என் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொன்னாள். மறுபடி ஒரு வரி. நாலு நிமிஷ சி.டி.க்கு அரைமணி நேரம் ஆனது. ஆனேக்கல் கன்னடக்காரரைக் கட்டிக்கொண்டதற்கு இன்னுமா கோபம் என்று கேட்டிருந்தாய். மூன்று வருஷமாக போனில் நல்லாயிருக்கியா என்ற ஒரு வார்த்தைக்கு மேல் நான் உன்னோடு பேசவில்லை என்று சொல்லியிருந்தாய். கடைசியில் நீ சொன்னதைச் சொல்லும்போது அம்மாவுக்கே குரல் உடைந்துவிட்டது, உதடு மட்டும்தான் அசைந்தது, ஆனால் எனக்கு அது போதும்.

“பொங்கலுக்கு வரேன்ப்பா. உங்களுக்கு இஷ்டமில்லன்னா ஆனேக்கல்ல மாமியார் வீட்டுலயே தங்கிக்கறேன். பாப்பாவ மட்டும் ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போங்க.”

பிரஸ் ஷாப் இரைச்சலில் யாரும் யார் பேசுவதையும் காதால் கேட்பது கிடையாது. உதட்டைப் பார்ப்போம், கையைப் பார்ப்போம், அதிலேயே சண்டைகூடப் போடுவோம். காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள், நான்தான் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன், தகட்டில் ஓட்டை போடுகிற பஞ்ச் தேய்ந்தால் சத்தம் மாறும், அதைக் கேட்டே நான் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர். அந்தத் திமிர்தான் காதைத் தின்றிருக்கிறது. வீட்டில் அம்மா முகத்தைப் பார்த்தே பேசிப் பழகியதால் எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. போனில் முகம் இல்லை, காரில் ரோட்டைப் பார்த்தாக வேண்டும். இரண்டு இடத்திலும் மாட்டிக்கொண்டேன். போனை வாங்கியதும் நல்லாயிருக்கியா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் தள்ளிவிடுவேனே, நீ சொல்வது விளங்காமல்தான் தள்ளினேன். நியூசிலாந்து தூரம், லைன் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றுமே தெரியாது என்று எழுதினால் அது பொய், உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது, அதைப் பார்க்கப் பயந்தேன். உன் கல்யாணப் பேச்சு வந்தபோது ஒரு மாதம் முகம் கொடுக்காமல் இருந்தேன், அது நிஜம், அதற்கு உன்னிடம் ஒரு நாளும் வருத்தம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். ஆனால் தாலி கட்டிய அன்றைக்கே அது போய்விட்டது. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, அவரிடம் இதையும் சொல், கன்னடத்திலேயே சொல்.

டாக்டரிடம் போய்விட்டோம். காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டு சத்தம் வந்தால் பொத்தானை அமுக்கு என்றார்கள், தடித்த சத்தமெல்லாம் கேட்கிறது, மெல்லிய சத்தம்தான் போய்விட்டது, பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும்தான் அதிகம் போகுமாம். போனது திரும்பாது, காது மெஷின் வைத்தால் பாதிக்குமேல் விளங்கும் என்றார். அளவு எடுத்தாயிற்று, பொங்கலுக்கு முன்னால் வந்துவிடும். நீ அங்கிருந்து எதுவும் வாங்கி அனுப்பாதே, அழுதுகொண்டும் இருக்காதே. பாப்பாவுக்கு ஸ்வெட்டர் மறக்காமல் எடுத்து வை, அங்கே வெயில் காலமாம், இங்கே பனியில் பல் கிட்டிக்கும். வருகிற ஞாயிறு நீ போன் பண்ணும்போது நான்தான் எடுப்பேன், நான்தான் பேசுவேன், நீ சொல்வதை அம்மா பக்கத்தில் நின்று எனக்குச் சொல்லுவாள், லைனை வைத்துவிடாதே.

ஏர்போர்ட்டுக்கு நான்தான் வருவேன், வெள்ளை ஜென்னில். சந்தாபுராவில் ஆனேக்கல் ரோடு பிரிகிற இடத்தில் நான் திரும்ப மாட்டேன், நேராக நம் வீடுதான், சம்பந்தி வீட்டுக்குப் பொங்கல் முடிந்து எல்லோரும் சேர்ந்து போவோம். நீ முன்சீட்டில் உட்கார், பாப்பாவை மடியில் வைத்துக்கொள். மூன்று வருஷத்துப் பேச்சு இருக்கும், வழியெல்லாம் பேசுவாய். நீ வாயைத் திறக்கும்போதெல்லாம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உன் முகத்தைப் பார்ப்பேன். வீடு வந்து சேர ராத்திரி ஆனாலும் ஆகட்டும்.

நீங்கள் மூவரும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அப்பா,
தங்கதுரை