அப்பாவின் உடைந்த பல்

அன்பு மகளுக்கு,

இறையருளால் இங்கே நாங்கள் இருவரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அவ்வண்ணமே இருக்க விடியலிலும் அந்தியிலும் வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயதாகிறது, ஊதியது போதும், டிரம்பெட்டைப் பூட்டி வைத்துவிட்டு இருவரும் என்னோடு வந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அவருக்குப் படித்துக் காட்டினேன். "அவ கூப்பிடறது சந்தோஷம்தான், ஆனா தோத்துப்போனவன் மாதிரி போய் உக்கார மாட்டேன்" என்றார். என் பதிலும் அதுவே, மகளே. காரணத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனெனில் அதில் என் குற்றம் இருக்கிறது.

உனக்கு நான்கு வயதிருக்கும். அப்பா அப்போது ஒரு ஹோட்டலில் நடன இசைக்கு வாசித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கண்ணாடிமுன் நின்று பயிற்சி செய்தவர்மேல் நீ ஓடிவந்து பாய்ந்தாய், டிரம்பெட் இடித்து முன்பல் பாதி உடைந்தது. இரண்டு மாதம் ஒரு சுரமும் எழவில்லை. பிறகு உதடு அந்த உடைசலில் போய் அமரக் கற்றுக்கொண்டது, எழுந்த ஒலியோ முன்பு கேட்டதன்று. சற்றே கரகரத்து, உறங்கி எழுந்தவர் முதன்முதல் பேசுவதுபோல இருந்தது. ஹோட்டல்காரர் "ஆட வந்தவங்க அழுதுடுவாங்க போலிருக்கே" என்று சீட்டைக் கிழித்துவிட்டார். அந்த ஒலியைக் கேட்டுத்தான் ஜாஸ் கிளப்பில் அவரை அழைத்துக்கொண்டார்கள். இரண்டு இசைத்தட்டுகளும், வானொலியும், முப்பதாண்டுச் சனிக்கிழமைகளும் அந்தப் பல்லிலிருந்து வந்தவை. நீயோ அன்று முதல் அப்பாவைக் காயப்படுத்தியவள் என்றே உன்னை எண்ணிவந்தாய். பல் கட்டிக்கொள்ளப் பணம் அனுப்பியதும் அதற்குக் கழுவாயாகத்தான் என்று அறிவேன்.

மூன்று மாதத்துக்கு முன் அந்தப் பல்லின் வேர் சீழ்பிடித்தது, பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. வாய் மரத்துக் கிடந்த அவரைக் கேட்காமல் பல் மருத்துவர் என்னைக் கேட்டார், புதுப்பல் எப்படி வேண்டும் என்று. "நல்லா நேரா, வரிசையா வெச்சிடுங்க டாக்டர்" என்றேன். முப்பதாண்டு ஆசை, நாக்கில் வந்துவிட்டது. விழுப்புண் பட்ட மார்பைப் போற்றிய பழம்பாடல்களை மனப்பாடமாகச் சொல்கிறவள் நான். என் வீட்டிலிருந்த வடுவை மட்டும் எனக்குப் போற்றத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஊதினார், காற்றுதான் வந்தது. சில வாரத்தில் சுரங்கள் வந்தன, ஆனால் அவை வேறு யாருடையவையோ. ஒத்திகையில் டிரம்ஸ்காரர் "அண்ணே, ஸ்கூல் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு" என்றாராம். எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்து பெட்டியை மூடியவர் பிறகு வீட்டில் அதைத் திறக்கவில்லை. அவருடைய இசையைக் கேளிக்கை என்று தள்ளி, அடுத்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மறை ஓதியவள் நான். இப்போது அந்த ஒலியில்லாமல் ஓதினால் வரி தவறுகிறது. நான் அத்தனை ஆண்டும் அதைக் கேட்டுக்கொண்டேதான் ஓதியிருக்கிறேன்.

அழுது பயனில்லை என்று இரண்டு வாரத்துக்கு முன் பெட்டியை ஒரு கையிலும் அவரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். "எல்லாரும் கோணலை நேராக்கச் சொல்லி வருவாங்க, நீங்க என்னம்மா நேரா இருக்கறதக் கோணலாக்கச் சொல்றீங்க" என்று சிரித்தார். சிரிக்கட்டும். இதுவரை இரண்டு மாதிரிப் பல் செய்து பார்த்துவிட்டார். அப்பா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து ஊதுகிறார், வெளியே காத்திருந்த ஒருவர் பல்வலியை மறந்து எழுந்து போய்விட்டார். முதலாவதில் உடைசல் ஆழமாகிவிட்டது, இரண்டாவதில் சரிவு மாறிவிட்டது. பல்லைப் பிடுங்குமுன் எடுத்த அச்சைத் தூக்கி எறிந்துவிட்டார்களாம். இசைத்தட்டு உறைகளில் டிரம்பெட் வாயை மறைக்கிறது. வீட்டுப் படங்களிலோ வாயை மூடியே நிற்கிறார், மூடச் சொன்னவள் நானே.

அந்த உடைசல் தெளிவாகத் தெரியும் படம் ஒரே ஒன்று இருக்கிறது. நீ பட்டம் பெற்ற அன்று உன் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் வாய்விட்டுச் சிரித்த படம். பல் தெரிகிறது என்று கூசிச் சுவரில் மாட்டவிடாமல் உன்னோடு எடுத்துப் போனாயே, அது. கிளப் உரிமையாளரை நானே நேரில் பார்த்து, "அவர் நாற்காலிய யாருக்கும் குடுத்துடாதீங்க, ஆறு வாரத்துல வருவார்" என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கே நேற்றுத்தான் தெரியும். "நீ எப்போ எனக்கு மேனேஜர் ஆன?" என்று கேட்டார், கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்து டிரம்பெட்டுக்கு எண்ணெய் போட்டார். உன்னிடம் வரத்தான் போகிறோம் கண்ணே, அவர் மறுபடி கிளப்பில் வாசிக்கும் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, டிரம்பெட்டோடு. உன்னால் முடியுமானால் அன்று நீ இங்கே வந்து முன்வரிசையில் உட்கார்.

எல்லாம்வல்லவன் உங்கள் மூவரையும் கண்ணின் மணிபோல் காப்பானாக. குழந்தைக்குப் பாட்டியின் முத்தம். படத்தை மறவாதே, இந்த வாரமே அனுப்பு, ஓரத்தில்கூட வெட்டாமல்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா