அக்காவின் கட்டி

சிலமலை,
4.8.2024

அன்புத் தங்கச்சி சூர்யகலாவுக்கு,

பெங்களூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் உன் மாமா பக்கத்திலேயே நிற்கிறார், வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மதுரையில் மார்பை எடுத்த புண் ஆறிவிட்டது. இடது கையைத்தான் தூக்க முடியவில்லை. ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டது. விடியற்காலையில் மலைக்குப் போகிற ஜீப்புகளின் சத்தம் கேட்டால் படுக்கையில் இருப்புக்கொள்ளவில்லை. "தோட்டம் எங்கயும் ஓடிப்போயிராது, பேசாமப் படு" என்று மாமா அதட்டுகிறார்.

வெட்டியெடுத்த கட்டியில் ஒரு துண்டை உங்கள் ஆராய்ச்சிக்குக் கேட்டாயே, வந்து சேர்ந்ததா? அது என்ன சொல்லுகிறது? வெரசாப் பதில் போடு.

உன் அக்கா,
அனுசியா


பெங்களூர்,
11.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் துண்டு வந்திருக்கும். ஆனால் பெயர் இல்லாமல் வெறும் எண்ணோடுதான் எங்களிடம் வரும். எது உன்னுடையது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

மெல்லிசாகச் சீவி, புற்றுச் செல்களில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று பார்க்கிறோம். சுற்றியிருக்கும் நல்ல செல்களையும் விடுவதில்லை. சில செல்கள் கட்டியை எதிர்க்கும், சில அதற்கே தீனி போட்டு வளர்க்கும். ஏன் அப்படி என்பதுதான் எங்கள் கேள்வி. பார், எழுத ஆரம்பித்தால் இதிலேயே போய்விடுகிறேன்.

கீமோ எப்போது? அதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை?

அன்புடன்,
சூர்யா


சிலமலை,
18.8.2024

சூர்யாவுக்கு,

கீமோவுக்குத் தேதி கொடுத்தார்கள். நான் போகவில்லை. உங்கள் முடிவு வந்தால் அது வேண்டாம் என்றுகூட ஆகலாம் அல்லவா? "எந் தங்கச்சி அங்க பாத்துக்கிட்டிருக்கா, அவ சொல்லட்டும்" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டேன்.

பவதாரணிக்கு இது பிளஸ் டூ வருஷம். நான் படுத்துவிட்டால் வீட்டுச் சோலி எல்லாம் என் பிள்ளை தலையில்தான் விழும். உன் பதிலுக்குத்தான் காத்திருக்கிறேன்.

அனுசியா


பெங்களூர்,
22.8.2024

அக்கா,

நீ போனை எடுக்கவில்லை. இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

எங்கள் ஆய்வு உனக்கென்று எந்தப் பதிலும் சொல்லாது. நூற்றுக்கணக்கான பெண்களின் கட்டிகளைச் சேர்த்துப் பார்க்கிறோம். அதன் பலன் இனிமேல் வருகிறவர்களுக்கு, அதுவும் பல வருஷம் கழித்து. இதை உனக்கு விளங்கும்படி நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், நாள் தள்ளாதே. நாளைக்கே மதுரைக்குப் போ.

எந்தத் துண்டை எடுத்தாலும் உன்னுடையதோ என்று அதன் எண்ணையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

சூர்யா


சிலமலை,
29.9.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "அப்பறம் எதுக்குடி எஞ் சதையக் கேட்ட?" என்று தனியாக நின்று கத்தினேன். மறுநாள் மாமாவோடு பஸ்சு ஏறிவிட்டேன். இரண்டு கீமோ முடிந்தது. முதல் தடவை பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. பவதாரணி கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனாள்.

துண்டைத் திருப்பிக் கேட்கலாமா என்று நினைத்தேன். போகட்டும், வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. போனில் சொல்ல வாய் வரவில்லை. அம்மாகூடப் பிறந்த நம் சின்னம்மாவும் இதே நோயில்தான் போனார் என்றதும் டாக்டர் என் ரத்தத்தைச் சோதிக்க அனுப்பினார். பரம்பரையாக வருகிற கோளாறு என்று முடிவு வந்திருக்கிறது. "கூடப் பொறந்தவங்க இருக்காங்களாம்மா? அவங்களும் ரத்தம் குடுத்துப் பாக்கணும்" என்றார்.

நீ கொடு சூர்யா. வெரசாக் கொடு.

அக்கா


பெங்களூர்,
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் கட்டடத்திலேயே அந்தச் சோதனைக்கு ரத்தம் எடுக்கிறார்கள். இரண்டு முறை கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். அந்த மரபணுவைப் பற்றி எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன் தெரியுமா? எல்லாம் தெரிந்தும் உள்ளே போகக் கால் வரவில்லை.

லீவு போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். அடுத்த கீமோவுக்கு உன்னோடு மதுரைக்கு நான் வருகிறேன், மாமா தோட்டத்தைப் பார்க்கட்டும். உனக்கு மருந்து ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் ரத்தம் கொடுத்துவிடுகிறேன்.

தனியாகக் கொடுக்கப் பயமாக இருக்கிறது, அக்கா.

உன்
சூர்யா