ஹெஸ்டர் கேட்ட சந்தைப் படங்கள்

ஹேசல்விக்
7 ஜூன் 1956

அன்புள்ள ஹெஸ்டர்,

மகன் வீட்டுச் சாப்பாட்டில் எங்களை மறந்திருப்பாய். வீட்டை விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் ஊரைப் படத்திலாவது பார்க்க வேண்டும் என்றாயே, நேற்றுச் சந்தைக்குக் கேமராவோடு போனேன். பாலம் முதல் தேவாலயம் வரை பன்னிரண்டு படங்கள்.

மூன்றாவதில் முறைப்பவள் பாலாடைக்கட்டி விற்கும் டாட். "பக்கத்து வீட்டம்மா எங்கய்யா? அவங்க வந்து குறை சொல்லாம எனக்கு யாவாரமே ஓடல" என்றாள். மகன் வீட்டில் இருப்பதாகச் சொன்னேன். "போக விட்டுட்டுப் படம் புடிச்சிட்டுத் திரியுறியா? கல்யாணமே பண்ணிக்காத ஆளுக்கு என்னத்தச் சொல்றது." வரிசையில் நின்ற ஏழு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே இதைத்தான் ஒட்டுக்கேட்டார்கள்.

ஏழாவது படம் உன் வாசல். ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். விற்பது உன் விருப்பம். எனக்கு ஆட்சேபமில்லை.

பக்கத்து வீட்டு
செட்ரிக்

அபர்டீன்
14 ஜூன் 1956

அன்புள்ள செட்ரிக்,

படங்களைப் பார்த்து அழுதேன். டாட் இளைத்துவிட்டாள். தேவாலயம் சாய்ந்து நிற்கிறது. கேமராவை நேராகப் பிடிக்க இந்த வயதிலாவது கற்றுக்கொள்ளக் கூடாதா?

என் கணவர் ஆர்தர் இறந்து பத்து வருஷமாகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. உன் கடிதத்தில் 'போகாதே' என்று எங்காவது இருக்குமா என்று நாலு முறை தேடினேன். ஆட்சேபமில்லை என்றுதான் இருக்கிறது. திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன்.

ஹெஸ்டர்

ஹேசல்விக்
16 ஜூன் 1956

என் ஹெஸ்டர்,

நம் ஊரில் யார்தான் ஆட்சேபம் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோம்? வைத்தியர் தப்பான பல்லைப் பிடுங்கியபோதுகூட ஆட்சேபமில்லை என்று சொல்லி, நன்றியும் கூறிவிட்டு வந்தவன் நான்.

எனக்கு ஆட்சேபம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. நீ இல்லாத ஊரைப் படமெடுக்கும்போது தேவாலயம் சாய்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. உன் மீது எனக்குப் பிரியம். முன்பே சொல்லியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன். விற்காதே, வந்துவிடு.

உன்
செட்ரிக்

அபர்டீன்
19 ஜூன் 1956

அன்புள்ள மடையா,

உன் கடிதம் இன்று வந்தது. நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். வாங்கியவர்கள் லீட்ஸ்காரர்கள், நல்ல மனிதர்களாகத்தான் தெரிகிறார்கள். இனி அந்த ஊரில் எனக்கென்று வீடு கிடையாது.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். மாடி அறையில் நீ அடுக்கி வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்களை அதற்குள் வெளியே எடுத்துப் போடு. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அதற்கெல்லாம் இடமில்லை.

உன்
ஹெஸ்டர்