வீட்டு வரியும் பச்சைப் பெட்டியும்

ஜூன் 3
காலையிலேயே கீழ்வீட்டில் சண்டை. போட்டது நான்தான். வாடகையை ஏற்றுகிறாராம் வீட்டுக்காரர்.

"வீட்டு வரி ஏறிடுச்சு, நான் என்ன பண்ணட்டும்?"

"வீடு உங்க பேர்ல, வரி மட்டும் என் தலையிலயா?"

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாதம் பண்ண ஆள் கிடைத்தால் கடை திறக்கவே மறந்துவிடுவார். மனைவி இறந்து பல வருடம், பேச்சுத்துணை இல்லை, பாவம் — என்று இரக்கப்பட்டால் வாடகை ஏறிவிடும்!

ஜூன் 5
நாளை அண்ணன் வீட்டுக்கு விமானம். அங்கே வைத்து முடிக்க, செய்துகொண்டிருக்கும் விக்கையும் எடுத்துப் போகிறேன். சிகிச்சையில் முடி கொட்டிப்போன கல்யாணப் பெண்ணுக்கு. அவளுடைய அக்கா தன் நீளமுடியை வெட்டிக் கொடுத்திருக்கிறாள். இழை இழையாக முடிச்சுப் போட்டு, நெற்றியோரம் மட்டும் பாக்கி.

ஜூன் 14
ஊர் திரும்பினேன், பெட்டி வரவில்லை. எல்லோரும் எடுத்துப் போனபின் என்னுடையது போலவே ஒரே ஒரு பச்சைப் பெட்டி சுற்றியது. ஓடிப்போய்ப் பார்த்தால் வேறு யாருடையதோ. விக், வீட்டுச் சாவி எல்லாம் என் பெட்டிக்குள். கைப்பையில் அண்ணி கட்டித் தந்த தின்பண்டம். புத்தியைப் பாரு!

மாற்றுச் சாவி கேட்டு வீட்டுக்காரர் கதவைத் தட்டினேன். "என்னங்க, வெறுங்கையோட?" என்றார். அவ்வளவுதான், உடைந்து அழுதுவிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் செருப்பை மாட்டினார். "வண்டியில ஏறுங்க."

விமான நிலையத்தில் பெட்டி விவரம் பதிகிற பெண், இழப்பீடு தருவார்கள் என்றாள். விட்டாரா மனுஷர்?

"அக்கா தங்கச்சிக்கு வெட்டிக் குடுத்த முடிம்மா. உங்க காசுக்கு எந்தக் கடையில கிடைக்கும்?"

"சார், நீங்க யாரு?"

"எங்க வீட்டுக்காரர்" என்றேன். கணவர் என்று எழுதிக்கொண்டாள்! கவனித்தோம். இருவரும் திருத்தவில்லை. ஏன்?

ஜூன் 15
தகவல் இல்லை. கல்யாணம் இருபத்திரண்டாம் தேதி. அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வேன்?

ஜூன் 17
மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வீட்டுக்காரர்தான்.

"கெடச்சிடுச்சு! 'மிச்சம் நிக்குதே ஒரு பச்சைப் பெட்டி, அதோட ஆளைப் பிடிங்க, மாத்தி எடுத்துட்டுப் போயிருப்பாரு'ன்னு மூணு நாளா சொல்லிட்டே இருந்தேன். அதேதான்!" பிறகு குரல் இறங்கியது. "போன்ல 'உங்க மனைவியோட பெட்டி'ன்னாங்க. திருத்தினா பேச்சு நின்னுடுமேன்னு விட்டுட்டேன்."

முகம் சிவந்திருந்தது. என் முகம் எப்படி இருந்ததோ!

ஜூன் 20
பெட்டி கைக்கு வந்தது. விக் நசுங்கி, நெற்றியோரம் பிரிந்திருந்தது. கடையிலிருந்து பெரிய லென்ஸ் கொண்டுவந்து, நான் முடிச்சுப் போடும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். கை ஓய்ந்தாலும் வாய் ஓயவில்லை — மறுபடி வரி. கடைசியில், ஏற்றத்தில் பாதி அவர், பாதி நான். நியாயம்தான். அவரிடம் அப்படிச் சொல்லவில்லை.

ஜூன் 22
கல்யாணம்! பெண் கூந்தலை முன்னால் இழுத்துவிட்டு, கிராப்புத் தலையோடு நின்ற அக்காவிடம், "உன் முடி உன்னைவிட எனக்குத்தான்டி நல்லா இருக்கு!" என்றாள். மண்டபமே சிரித்தது. அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். என்னோடு வந்திருந்த கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 8
கண் பரிசோதனைக்கு அவர் கடைக்குப் போனேன். கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம். தெரிந்துதான் போனேன்.

மார்ச் 11
வீட்டு வரி மறுபடி ஏறியிருக்கிறது. "அநியாயம்! பணத்துக்கு நாம எங்க போறது?" என்று நான் கத்த, அடுக்களையிலிருந்து அவர் சிரிக்கிறார்.

மாலையில், நான் குடியிருந்த மாடியை வாடகைக்குப் பார்க்க ஒரு பெண் வந்தாள். வாடகை அதிகம் என்று விடாமல் வாதாடினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. குறைத்துவிட்டேன்.