அன்பளிப்புப் பெட்டிகள்

திபெத், கியான்ட்சே முகாம்,
ஆகஸ்டு 1904

அன்பு மகன் ரின்சிங்குக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். ஆங்கிலேயப் பட்டாளத்துக்கு நான் சமைத்துப் போடுவதாக டார்ஜிலிங்கில் பேசுகிறார்களாம். தவறு. கான்வென்டில் பழகிய கையெழுத்துக்காக, பெட்டிகளுக்குச் சீட்டு எழுத அழைத்து வந்தார்கள்.

போன வாரம், சண்டையில் பிடிபட்ட மடத்திலிருந்து நாற்பத்தொரு பெட்டிகள் நிறையும் அளவுக்குச் சுவடிகள் வந்தன. "எல்லாத்துலயும் அன்பளிப்புன்னு எழுதுங்க, மேடம்" என்றார் துரை.

"கொடுத்தவர் பேரு?"

"செத்தவனா வந்து கேக்கப் போறான்? எழுதுங்க."

எழுதினேன், ஒரு பிழையில்லாமல்.

நம்மூர்ச் சுமைகாரர் பிண்ட்சோ ஒவ்வொரு சுவடியையும் தலையில் தொட்டு வணங்கித்தான் பெட்டிக்குள் வைத்தார். பிறகு என்னிடம், "பட்டாளத்தான் எடுத்தான், நாங்க சுமக்கிறோம். கொடுத்தாங்கன்னு சொன்னது நீங்க ஒருத்திதாம்மா" என்றார்.

அன்றிலிருந்து சுமைகாரர்களின் அடுப்பருகே எனக்கு இடமில்லை. ஒருவருக்குத் தேநீர் போடும் அளவில் சின்னக் கெண்டி ஒன்று அனுப்பு. கம்பளிக் காலுறையும் வேண்டும்.

தபால் கிளம்புகிறது. உன் வீட்டு மாடத்தில் நீ தினமும் வணங்குவதும் இதே போன்ற சுவடியைத்தான். பனிக்கு முன் நான் அங்கே வரலாமா, கூடாதா? யாரிடமும் சொல்லி அனுப்பாதே. எழுதி அனுப்பு.

அம்மா