கரவன் கூரையிலிருந்து

ஒக்டோபர் 12, சனி
மழை. கட்டிலுக்கு நேர் மேலே கரவன் ஒழுகுகிறது. வெள்ளைக்காரர் காருக்குப் பின்னால் கட்டி இழுத்த வீட்டு வண்டி, நிலாவெளி ஹோட்டல்காரன் வேண்டாமென்று தள்ளியது. மகள் பஹ்மியாவின் கலியாணத்துக்கு வீட்டை அவள் பேரில் எழுதி, மருமகன் நஸ்ரியைக் குடியேற்றிவிட்டு, நானும் பரீதாவும் அதே வளவின் முற்றத்தில் நிற்கும் இதற்குள் வந்தோம். வீடு கொடுத்த பெருமையில் நனைந்துகொண்டு படுத்திருக்கிறேன்.

ஒக்டோபர் 14
சொட்டும் இடத்தில் உள்ளேயிருந்தே சிலிக்கன் பூசி அடைத்தேன். எஞ்சினியர் மாதிரி வளவுக்குள் ஒரு நடை நடந்தேன்.

ஒக்டோபர் 15
அடைத்த தண்ணீர் சீலிங்குக்குள் தேங்கி, சீலிங் கிழிந்து, மொத்தமாய் என் முகத்தில் விழுந்தது. "மாமா, இது கரவனா கிணறா?" என்று சிரித்தார் மருமகன்.
பின்னேரம் வீட்டுக்குள் ஏதோ உடைந்தது. பஹ்மியாவின் சத்தம் பாதியில் நின்றது. "பீங்கான் விழுந்திருக்கும்" என்றாள் பரீதா. ஓம், பீங்கான். கிழமைக்குக் கிழமை பீங்கான் விழுகிற வீடு — நானும் நம்பிக்கொண்டிருக்கிறேனா?

ஒக்டோபர் 20, ஞாயிறு
இடக் கையால் எழுதுகிறேன். வலக் கையிலும் என் எழுத்து இப்படித்தான்.
காலையில் வெயில். கூரையில் ஏறி ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தேன். உள்ளே பஹ்மியா டோர்ச்சோடு.
"வாப்பா, சொட்டுற இடத்தில ஓட்டை இல்ல. வேற எங்கயோ இருந்து ஓடி வருது. முன்னுக்குப் பாருங்க."
முன்பக்கம் கூரைக் கண்ணாடியின் றப்பர் வெடித்துக் கிடந்தது. கண்ணாடி வழியே கீழே பார்த்தேன். அவள் அண்ணாந்து நிற்கிறாள், முக்காடு சரிந்து கிடக்கிறது. கழுத்தில் நீலமாய் விரல் தடங்கள்.
"என்ன மகள் அது?"
"றப்பரைப் பாருங்க வாப்பா."
அப்போதுதான் நஸ்ரி வந்தார். "சோறாக்காம இங்க என்னடி செய்றாய்?" முடியைப் பிடித்து வெளியே இழுத்து, கதவு நிலையில் அவள் தலையை மோதினார். மோதினான். மரியாதை இன்றோடு முடிஞ்சுது.
அவன் மேல் பாய்ந்தேன் என்று எழுத ஆசை. கூரையிலிருந்து வழுக்கினேன். என் முழு உடம்பும் அவன் முதுகில். மணிக்கட்டு முறிந்தது எனக்கே கேட்டது. அவன் எழும்பி, மண் கிண்டும் இரும்பு அலவாங்கைத் தூக்கினான். முதல் அடி என் தோளுக்கு. பிறகு கரவனின் ஜன்னல், தகரம், கதவு — பரீதா மண்ணை அள்ளி அவன் கண்ணில் எறியும்வரை.
பஹ்மியா நெற்றியில் இரத்தத்தோடு வீட்டுக்குள் ஓடி முன்கதவைப் பூட்டினாள். ஜன்னலால் கத்தினாள்:
"இது என்ட வீடு! பொலிசுக்குப் போன் அடிச்சாச்சு. உம்மா, வாப்பாவப் பின்கதவால கூட்டிக்கொண்டு வாங்க!"
பொலிஸ் வந்து கொண்டுபோகும்வரை அவன் கதவை அலவாங்கால் இடித்துக்கொண்டே இருந்தான். நல்ல முதிரை மரக் கதவு. நான் போட்டது.

ஒக்டோபர் 27
அவனுடைய தகப்பன் முத்தலிப் வந்தார். "பொடியன் கொஞ்சம் கோவக்காரன். சேர்த்து வைப்பம் மச்சான்." பழக்கதோஷத்தில் ஓம் சொல்ல வாயைத் திறந்தேன்.
"ஏலாது மாமா" என்றாள் பஹ்மியா. "இனி விவாகரத்தைக் காதி கோட்டில கதைப்பம்."
திறந்த வாய்க்குள் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டேன்.

நவம்பர் 3
மழை. வீட்டு ஹோலில் படுத்தோம். ஒன்றும் உடையவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு
கைக்கட்டு அவிழ்த்தாயிற்று. கரவனில் இப்போது ஆளில்லை, ஆனாலும் ஒழுகவிட மனமில்லை. புது றப்பரோடு ஏறினேன். ஏணியைப் பிடித்தது பஹ்மியா. முக்காடு தோளில் கிடந்தது. கழுத்தில் ஒன்றுமில்லை.
"வாப்பா, கவனம். இந்தமுறை வழுக்கினா கீழ ஆளில்ல."