முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதறேன். நானும் உங்கம்மாவும் நல்லா இருக்கோம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி திடமா இருக்கேன்னு ஒரு வரி போட்டா எங்களுக்கு அது போதும். ரெண்டு ஞாயித்துக்கிழமையா நீ கூப்பிட்டப்போ அப்பா குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கார்னு உங்கம்மா சொன்னாளே, ரெண்டும் பொய். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். குரலை வச்சே நீ கண்டுபிடிச்சிடுவேன்னு பயம். எழுதினா நடுவுல நீ குறுக்குக் கேள்வி கேக்க முடியாது பாரு.

எங்க கம்பெனி செய்யற துணி தேய்க்கிற நீராவி மிஷினுக்கு நான்தான் இங்கிலீஷ்ல கையேடு எழுதறேன்னு உன் சிநேகிதிங்ககிட்ட பெருமையா சொல்லுவியே, அதுல வந்த வினைதான் அம்மாடி. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற ஒரு சலவைக்கூடத்துல அந்த மிஷினால ஒரு பொண்ணுக்கு வலது கை வெந்துபோச்சு. உன் வயசுதான். பிழைப்புக்காக வெளியூர்லேர்ந்து வந்தவ, இங்கிலீஷ் அவளுக்கு மூணாவது பாஷை. அழுத்தம் காட்டுற முள் பூஜ்யத்துக்கு இறங்கின பிறகுதான் சிவப்பு பட்டனை அழுத்தணும், அழுத்தினா மூடி திறக்கும். இதை நான் ‘பிரஸ் தி ரெட் பட்டன் ஒன்ஸ் தி நீடில் ரீச்சஸ் ஜீரோ’ன்னு எழுதி வச்சிருந்தேன். ஒன்ஸ்னா எனக்கு ‘ஆனதும்’. அவளுக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தது ‘ஒரு தடவை’. பட்டனை ஒரு தடவை அழுத்தினா முள் தானா பூஜ்யத்துக்கு வந்துடும்னு படிச்சிருக்கா. படிச்சபடியே ஒரு தடவை அழுத்தினா. உள்ள இருந்த நீராவி அத்தனையும் அவ கையில.

கையேட்டுல சொன்னபடி செய்யலைன்னு சலவைக்கூடத்துல அவளை வேலையை விட்டு நிறுத்தப் பாக்கறாங்க, கையேடு சரியா இருக்கான்னு எங்க மேனேஜர் என்னைக் கேட்டார். கண்ணாடியை மாட்டிக்கிட்டு அந்தப் பக்கத்தைப் படிச்சேன். அந்த வார்த்தைகிட்ட வந்ததும் கண்ணு கொஞ்சம் நின்னுது. நின்னது எனக்கு மட்டும்தான் தெரியும். மொழி சுத்தமா இருக்கு சார், ஒரு பிழை இல்லைன்னு சொல்லிட்டேன். அதை வச்சு அவளை அனுப்பிட்டாங்க. அப்புறம் அந்த மிஷினைச் சோதிக்கப் போன மெக்கானிக் டீ குடிக்கும்போது சொன்னார், அங்க வேற யாருமே கையேட்டைத் திறந்ததில்லையாம், பக்கத்துல இருக்கிறவங்களைப் பாத்து வேலை கத்துக்கிட்டவங்களாம், அந்தப் பொண்ணு ஒருத்திதான் வீட்டுக்கு எடுத்துட்டுப்போய் வரிக்கு அடியில விரல் வச்சுப் படிச்சாளாம். என் எழுத்தைத் தொடாதவங்க எல்லாரும் சவுக்கியமா இருக்காங்க, நம்பினவதான் வெந்துபோனா.

வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட சொன்னேன். வரியில பிழை இல்லேன்னா அப்புறம் அவ கை எதுல வெந்துதுன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. மறுநாள் மேனேஜர் ரூம்ல போய் நின்னு, அந்த வரியை ரெண்டு விதமாவும் படிக்கலாம் சார், அவ படிச்சதும் சரிதான், தப்பா எழுதினது நான், அன்னிக்கு உங்ககிட்ட மழுப்பிட்டேன்னு சொன்னேன். இதை வாயால சொன்னதோட விட்டுடுங்க, எழுத்துல குடுத்தா உங்களுக்கும் நல்லதில்லைன்னார். எழுதிக் குடுத்துட்டேன். சலவைக்கூடத்துல அவளைத் திரும்பச் சேத்துக்கிட்டாங்க, வைத்தியச் செலவை எங்க கம்பெனி ஏத்துக்கிச்சு. என் வேலை இந்த வருஷத்தோட போதும்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. அதுல எனக்கு வருத்தம் இல்லை, நீயும் படாதே. போறதுக்குள்ள கையேடு முழுக்க மாத்தி எழுதித் தரேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். ஒரு வரிக்கு ஒரு வேலைதான். முதல்ல செய்ய வேண்டியது முதல்ல வரும். ரெண்டு அர்த்தம் வர்ற வார்த்தைக்கு இடமே இல்லை. எழுதின பக்கத்தை, எழுத்துக்கூட்டித்தான் இங்கிலீஷ் படிக்கிற வாசல் காவலர்கிட்டயும் கேன்டீன் அம்மாகிட்டயும் குடுத்து, நான் வாயைத் திறக்காம, படிச்சபடி மிஷின்ல செஞ்சு காட்டச் சொல்றேன், நீராவி இல்லாமத்தான், பயப்படாதே. அவங்க தயங்குற இடத்தையெல்லாம் திருத்தறேன். உங்கம்மாவும் ஒரு பக்கம் படிச்சுட்டு, கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க சொல்லி எனக்கு முதல் தடவையாப் புரியுதுன்னா.

போன வாரம் அந்தப் பொண்ணைப் பாக்கப் போனேன். மாடியில ஒத்தை அறை. கட்டில்ல துணி குவிஞ்சு கிடந்தது, இடது கையாலேயே மடிச்சிட்டிருந்தா. வலது கையில ரெண்டு விரல் இன்னும் மடங்கலை. நான்தான் அதை எழுதினவன்னு சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். புதுப் பக்கத்தை நீட்டினேன். ‘முள்ளைப் பார். முள் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். பிறகு சிவப்பு பட்டனை அழுத்து’, இவ்வளவுதான், இங்கிலீஷ்ல. ஒரே மூச்சுல படிச்சா. விரல் வைக்கலை. திருப்பிக் குடுத்துட்டு, இவ்வளவு சுலபமா எழுதத் தெரிஞ்சவர் முன்னாடியே எழுதியிருக்கலாமேன்னா. கோபமாச் சொல்லலை, சும்மா கேக்கற மாதிரிதான் கேட்டா. நான் படியிறங்கி வந்துட்டேன். அதுக்குப் பதில் உன்கிட்ட இருந்தா சொல்லு.

நீயும் அந்நிய பாஷைக்கு நடுவுல நிக்கிறவ. புரியலைன்னா புரிஞ்ச மாதிரி தலையாட்டாதே, வெக்கப்படாம திரும்பக் கேளு. பல்வலிக்கு டாக்டரைப் பாக்கறதைத் தள்ளிப்போடாதே. எந்தக் குறையும் அண்டாம நீ நிறைவா வாழணும், நாங்க எப்பவும் நினைக்கிறது அதைத்தான். இந்த ஞாயித்துக்கிழமை கூப்பிடு, நானே எடுக்கறேன்.

உன் அப்பா